பேச்சியம்மாள் வாயை மூடிய காலை

ஒரு காட்டில் ஏரி ஒன்று இருந்தது. ஏரியில் சேறு இருந்ததால் நாரைகளும் உள்ளான் குருவிகளும் இருந்தன. அவை இருந்ததால் கோதண்டமும் இருந்தான். கோதண்டம் ஒரு கருங்குரங்கு. அவனுடைய வாலைவிட நீளமான கேமரா லென்ஸ் ஒன்று அவனிடம் இருந்தது. அதன் வழியாகப் பார்த்தால் அக்கரையில் நிற்கும் கொக்கு கொட்டாவி விடுவதுகூடத் தெரியும்.

அந்த ஏரிக்கரையில் பேச்சியம்மாள் என்ற ஆட்காட்டிப் பறவை, கூழாங்கற்களுக்கு நடுவே முட்டையிட்டு அடைகாத்து வந்தாள். யார் வந்தாலும் ஊரைக் கூட்டுகிற மாதிரி கத்துவது அவள் குலத்தொழில். அவள் கத்தினால் ஏரியில் ஒரு பறவை மிஞ்சாது. நரி வெறும் வயிற்றோடு திரும்பும். கோதண்டம் வெறும் கேமராவோடு திரும்புவான்.

ஒருநாள் அவன் கேட்டான்: "அக்கா, கொஞ்ச நாளைக்குக் கத்தாம இருக்கக் கூடாதா?"

"நான் கத்தலைன்னா நரி வர்றது யாருக்குடா தெரியும்?"

"எனக்குத் தெரியும்" என்று லென்ஸைத் தட்டிக் காட்டினான். "நீங்க பார்க்கிறதுக்கு ரொம்ப முன்னாடியே நான் பார்த்துடுவேன். இத்தனை வருஷமா தொண்டை கிழியக் கத்துறீங்களே, யாராவது உங்களை ஒரு படம் எடுத்தாங்களா? நான் எடுக்கிறேன்."

யாரும் எடுத்ததில்லை. எல்லாரும் நாரையைத்தான் எடுப்பார்கள். பேச்சியம்மாளுக்கு அந்த வருத்தம் ரொம்ப நாளாக இருந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் கோதண்டம் வந்து, கூட்டை மறைத்து நின்ற கோரைப்புல்லை வேரோடு பிடுங்கிப் போட்டான். "முகத்துல நிழல் விழுதுக்கா" என்றான். பிறகு எட்டத்தில் இருந்த மருதமரத்தில் ஏறி உட்கார்ந்து, லென்ஸைத் திருப்பினான்.

சற்று நேரத்தில் கேமரா விடாமல் படபடவென்று அடித்துக்கொண்டது. பேச்சியம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை. கழுத்தை ஒயிலாகச் சாய்த்தாள். ஒரு சிறகை விரித்துக் காட்டினாள். அவளுக்குப் பின்னால் ஜம்புலிங்கம் என்கிற நரி வயிற்றைத் தரையில் தேய்த்தபடி வந்துகொண்டிருந்தான்.

அவன் பாய்ந்தான். பேச்சியம்மாள் வால் இறகை இழந்து தப்பினாள். முட்டைகள் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

நேராக மருதமரத்துக்குப் பறந்தாள். "நரி வந்ததை நீ பார்க்கலையா?"

"பார்க்காம என்னக்கா! அவன் மீசையில உட்கார்ந்திருந்த ஈகூடத் தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா ஓடிப்போயிருப்பானே!"

"என் பிள்ளைங்கடா, பாவி!"

கோதண்டத்தின் முகம் கண்டிப்பானது. "இயற்கையில நாங்க தலையிடக் கூடாதுக்கா. எங்க தொழில்ல அது பெரிய பாவம்" என்றான். அவன் விரல் இடுக்குகளில் கோரைவேர்ச் சேறு இன்னும் காயவில்லை.

நரி பாய்ந்த அந்தப் படத்துக்குச் சிங்கராஜா முதல் பரிசு கொடுத்தார். படத்தின் தலைப்பு 'தாய்மை'. பேச்சியம்மாளையும் மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். அவள் பொன்னாடையை உதறிவிட்டுப் பழைய குரலில் அலறினாள். "இவன் பார்த்துக்கிட்டே இருந்தான்! மரத்து மேல உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருந்தான்!"

அந்தக் குரலுக்கு ஒரு காலத்தில் ஏரியே எழுந்து பறக்கும். இப்போது எல்லாரும் செல்போனைத்தான் தூக்கினார்கள். "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பிக் கத்துங்கம்மா" என்றது ஒரு முயல்.

பேச்சியம்மாள் அன்றைக்கே மலை தாண்டிப் போய்விட்டாள். அங்கே ஒரு பெயர் தெரியாத குட்டையோரம் மறுபடி முட்டையிட்டு, மனம்போல் கத்திக் கத்தி, எல்லாக் குஞ்சுகளையும் வளர்த்து ஆளாக்கினாள். அதற்குப் படம் எதுவும் இல்லாததால் ஏரியில் யாரும் நம்பவில்லை.

ஏரியில் ஜம்புலிங்கத்துக்குத்தான் மவுசு. நெடுங்கால் உள்ளான் ஒருத்தி தன் புருஷனையும் கூட்டிக்கொண்டு நரியின் வளைக்கே போனாள்.

"அண்ணே, நம்ம வீட்டுக்கு ஒருநாள் வந்துட்டுப் போங்களேன். குஞ்சுங்க இப்பத்தான் பொரிஞ்சிருக்கு. காலை வெயில்ல வந்தீங்கன்னா படம் நல்லா வரும்."

ஜம்புலிங்கம் பல் குத்திக்கொண்டே சொன்னான்: "அடுத்த வாரம் பார்க்கலாம்மா. இந்த வாரம் தாழைக்கோழி வீட்டுக்கு வர்றதா வாக்குக் கொடுத்துட்டேன்."

நீதி: உனக்கு ஆபத்து வருவதை எட்ட இருந்து துல்லியமாகப் பார்க்க ஒருவர் எப்போதும் இருப்பார். கூச்சல் போட்டு அவருடைய கையை ஆட்டிவிடாதே.