ஒரு நாற்காலிக்காக ஓடியவர்

காய்கறிப் பையோடு நடந்துபோன ஒரு பெரியம்மா தன்னை முந்திக்கொண்டு போனபோதுதான், தான் ஓடுவது வெறும் பாவனை என்பது அவருக்கு உறைத்தது. விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். கம்பம் சுட்டது. கையை எடுத்துக்கொண்டார். காலையிலேயே வெயில் தார்ச்சாலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

"யாராவது துரத்துறாங்களா தம்பி?" என்று பெரியம்மா கேட்டார்.

"இல்லம்மா. ஓட்டப் பயிற்சி."

"அப்ப நடந்தே போயிடுப்பா. சீக்கிரம் போய்ச் சேருவ."

அவர் ஒரு மெத்தைக் கடையில் விற்பனையாளர். நாள் முழுக்கக் கட்டில்களுக்கு நடுவே நிற்கும் வேலை. வாடிக்கையாளர்கள் படுத்துப் பார்க்கலாம், புரண்டு பார்க்கலாம். ஒருவர் குறட்டைகூட விட்டிருக்கிறார். விற்பனையாளர் மட்டும் உட்காரக் கூடாது. அவருடைய குதிகால் வலி தினமும் அவரோடு வீட்டுக்கு வந்து, அவரோடு சாப்பிட்டு, அவருக்கு முன்னால் எழுந்துவிடும்.

அந்தக் கடையில் உட்கார அனுமதி உள்ள ஒரே ஊழியர் தளப் பொறுப்பாளர். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், கை வைத்த சுழல் நாற்காலி. பழைய பொறுப்பாளர் ஓய்வு பெற்றதிலிருந்து அது காலியாகக் கிடந்தது. எங்கோ தூர தேசத்துக் கப்பலைப் பார்ப்பதுபோல அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போன மாதம் மேலாளர் அவரைக் கூப்பிட்டார்.

"கம்பெனி ஓட்டப் பந்தயம் வருது. கிளைக்கு ரெண்டு பேர். மேலாளரும், அவர் தேர்ந்தெடுக்கிற ஊழியரும். நீங்க என்கூட ஓடுறீங்க."

"சார், நான் பஸ்ஸுக்குக்கூட ஓடினதில்ல."

"அதனாலென்ன. பந்தயம் நல்லபடியா முடியட்டும். திங்கக்கிழமையே அந்த நாற்காலியப் பத்திப் பேசுவோம்."

வாசலில் நின்றிருந்த மேலாளரின் கார் டிரைவர் சிரித்தார். "உங்கள மாதிரி ஆளு கிடைக்க சார் குடுத்து வச்சிருக்கணும்ணே."

கடையில் இளைஞர்கள் இருந்தார்கள். ஒருவன் கல்லூரியில் பதக்கமே வாங்கியவன். அத்தனை பேரையும் விட்டுவிட்டுத் தன்னைக் கூப்பிட்டிருக்கிறார் என்றால், இத்தனை வருட உழைப்பு கடைசியில் ஒருவர் கண்ணிலாவது பட்டுவிட்டது. மனைவியிடம் இதைச் சொன்னபோது அவருக்குக் குரல் தழுதழுத்தது.

"குரல் ஓடிப் பிரயோஜனமில்ல. காலு ஓடுமா?" என்றாள் அவள்.

ஓடவில்லை. வெயில் ஏற ஏற, முந்தைய நாளைவிட மோசமாக ஓடினார். வீட்டில் தங்கி வேலை தேடிக்கொண்டிருந்த மைத்துனன், தேடாத நேரமெல்லாம் கைபேசியில் உலக ஞானம் சேர்ப்பவன். அவன் காரணம் கண்டுபிடித்தான்.

"மாமா, வெயில்ல உடம்பு தன்னைக் குளுர வைக்கிறதுக்கே ரத்தத்தச் செலவு பண்ணிடுது. காலுக்கு மிச்சமில்ல. நிறையத் தண்ணி குடிச்சிட்டு ஓடுங்க."

குடித்தார். வயிறு குடம்போலத் தளும்பியது. இரண்டாவது தெருவிலேயே பாதை மாறி, பெட்ரோல் பங்க் கழிப்பறையில் அன்றைய பயிற்சி முடிந்தது.

"அப்ப உடம்ப வெயிலுக்குப் பழக்கணும். மழைக்கோட்டு போட்டுக்கிட்டு ஓடுங்க."

சுட்டெரிக்கும் வெயிலில் ஒருவர் மழைக்கோட்டோடு தள்ளாடி வருவதைப் பார்த்த ஒரு பெண், வானத்தை ஒருமுறை பார்த்துவிட்டுக் கொடியில் காய்ந்த துணிகளை அவசரமாக எடுத்தாள். அவர் முன்பின் தெரியாத யாரோ வீட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார். இருந்தாலும் மைத்துனன் விடவில்லை. வாரக்கணக்கில் கோட்டோடுதான் ஓட்டம். தாங்க முடியாமல் போனபோது, தொப்பிக்குள் ஐஸ் வைத்துக்கொள்ளச் சொன்னான். ஐஸ் உருகிக் கண்ணை மறைக்க, நின்றிருந்த ஸ்கூட்டரில் மோதி முழங்கால் சிராய்த்தது.

தினமும் நடந்ததையெல்லாம் மேலாளரிடம் ஒளிக்காமல் சொன்னார். அவர் ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை. "வெயில் யாரை விட்டுச்சு. முயற்சிதான் முக்கியம்," என்று தோளைத் தட்டுவார். மழைக்கோட்டுக் கதையைக் கேட்டுவிட்டுத் தேநீர் வாங்கிக் கொடுத்தார். முழங்கால் கட்டைப் பார்த்த அன்று அந்த நாற்காலியைத் தூசி தட்டி வைக்கச் சொன்னார்.

ஒரே ஒரு நாள் மேகமூட்டமாக இருந்தது.

"சார், இன்னைக்கு எங்கயும் நிக்காம ஓடிட்டேன்."

மேலாளர் முகம் வாடியது. "உடம்பக் கெடுத்துக்காதீங்க. குடும்பஸ்தர். மெதுவாவே வாங்க."

இப்படியும் ஒரு மனிதரா என்று அவருக்குக் கண் கலங்கியது.

பந்தயத்தன்று வெயில் கொளுத்தியது. மேலாளர் வானத்தைப் பார்த்துத் திருப்தியோடு தலையாட்டினார். விசில் ஊதுவதற்குச் சற்று முன்னால் எங்கிருந்தோ கறுத்த மேகம் வந்தது. காற்று திரும்பியது. தூறல் விழுந்தது.

மரியாதைக்காக அவர் மேலாளருக்குப் பின்னால்தான் ஓடினார். மேலாளர் அடிக்கடி திரும்பிப் பார்த்து, "மெதுவா, மெதுவா," என்றார். ஆனால் மழைக்கோட்டுக்குள் வெந்த உடம்பு குளிர்காற்றில் கட்டவிழ்த்துவிட்ட கன்றுபோல நடந்துகொண்டது. கால்கள் அவரைக் கேட்கவே இல்லை. குதிகால் வலிக்கவில்லை. கடைசித் திருப்பத்தில் மேலாளரின் பக்கத்தில் வந்துவிட்டார்.

"விட்றாதீங்க சார், வாங்க," என்றார்.

மேலாளருக்குப் பேச மூச்சில்லை. சட்டையைப் பிடிப்பதுபோலக் கையை மட்டும் நீட்டினார். ஓடிக்கொண்டே அந்தக் கையைக் குலுக்கிவிட்டு அவர் முன்னே போனார்.

எல்லைக்கோட்டைத் தாண்டியபோது அவருக்குப் பின்னால் ஒரே ஒருவர்தான் இருந்தார். கம்பெனி முதலாளி மைக்கில் ஏதோ சொல்ல, கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அதன்பிறகு மேலாளர் வந்து சேர்ந்தார். அவரைப் பார்க்காமல், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு புல்தரையில் உட்கார்ந்தார்.

டிரைவர் தண்ணீர் பாட்டிலோடு வந்தார்.

"சார் களைச்சிட்டாரு போல," என்றார் விற்பனையாளர், மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டே. "பரவாயில்ல, நாற்காலியப் பத்தித் திங்கக்கிழமை பேசிக்குவோம்."

டிரைவர் பாட்டிலை நீட்டாமல் அவரையே பார்த்தார்.

"என்னண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க, போன வருஷம் சார் கடைசியா வந்ததுக்கு முதலாளி மைக்குல சிரிச்சாருன்னுதான், தனக்குப் பின்னாடி வர்றதுக்குன்னே இந்த வருஷம் உங்களத் தேடிப் பிடிச்சாரு."