எருமை குளிக்கும் அணை

9 ஜூலை 2001: மழை 84 மி.மீ.
10 ஜூலை 2001: தடுப்பணையில் நீர் ஒன்பது அடி.
4 மார்ச் 2002: தடுப்பணையில் நீர் நான்கு அடி. ஊர்க் கிணற்றில் ஒன்றுமில்லை.

இடங்காட்டி என்றொரு இனம் உண்டு. எங்கள் சௌராஷ்டிரத்தில் ஊருக்கு ஒருவர் கட்டாயம் இருப்பார். வறண்ட கிணறுகளில் ஊற்றுப் பெருக எங்கே அணை கட்டலாம் என்று பார்க்க அரசாங்க ஜீப் வந்தால், யாரும் கூப்பிடாமலே முன்சீட்டில் ஏறிக்கொள்பவர் அவர்தான். ஓடைக்கரையில் இறங்கியதும் குதிகாலால் தரையை ஒரு மிதி மிதிப்பார், ஒரு சிட்டிகை மண்ணெடுத்து மோந்து பார்ப்பார், கண்ணை மூடிக்கொள்வார், ஊரே வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது தடியை நீட்டி "இங்கே" என்பார். மோந்ததில் என்ன தெரிந்தது? ஒன்றும் தெரியாது. முப்பத்தோரு வருடம் மழைமானி பார்த்துக் குறித்தவன் சொல்கிறேன், நம்புங்கள். எங்கள் ஊர் இடங்காட்டி நான்தான்.

இடங்காட்டிக்குத் தண்ணீர் கண்ணில் பட வேண்டும். எங்கள் ஓடையின் சரளை வளைவில் எவ்வளவு வெள்ளம் வந்தாலும் நாலே நாளில் பூமிக்குள் இறங்கிவிடும். இறங்குவதுதான் கிணற்றுக்கு வேண்டியது. ஆனால் எங்கள் பக்கத்தில் புது அணை நிரம்பினால் மாப்பிள்ளை வந்த மாதிரி. பெண்கள் பாடிக்கொண்டே குங்குமமும் தேங்காயுமாக வருவார்கள், வீட்டுக்கு வீடு லாப்சி என்கிற கோதுமை இனிப்பு கிண்டுவார்கள். நல்ல நாள் பார்த்து முடிப்பதற்குள் ஓடிப்போகிற மாப்பிள்ளைக்கு யார் தேங்காய் உடைப்பது?

"அது ஓட்டைப் பானை, சாகேப்" என்று இன்ஜினியரிடம் சொல்லிவிட்டுக் கரிசல் பள்ளத்தைக் காட்டினேன். நீர் பிடித்த கரிசல் ஒரு சொட்டைக் கீழே விடாது. அணை நிரம்பியது, தேங்காய் உடைந்தது. நான் முன்னால் நிற்கப் போட்டோ எடுத்து அலுவலகத்துக்கும் அனுப்பினோம்.

மார்ச்சில் ஊர்த் தலைவி ஜீவிபென் காலிக்குடத்தோடு என் வாசலில் நின்றாள். ஊருக்கே நான் காகா, அதாவது சித்தப்பா.

"காகா, உங்க அணையில தண்ணி எப்படி?"

"நாலடி நிக்குது."

"நிக்குது, எருமை கழுத்து வரைக்கும். ஊர்க் கிணத்துல வாளி விட்டா டங்குனு கேக்குது. இன்னிக்கும் டேங்கர் வரல. இனிமே குடத்த எடுத்துட்டு எருமைகிட்டதான் கெஞ்சணும்."

"ஜீவி, இன்னொரு அணை தரப்போறாங்களாம். அதுக்கு..."

"அது சரளை வளைவுக்கு வரணும். எழுதிப் போடுங்க. மோந்து பாக்காம எழுதுங்க."

எழுதினேன். நான் காட்டிய இடம் தவறு, நீர் வெயிலுக்குத்தான் குறைகிறது, பூமிக்குப் போகவில்லை, அடுத்ததைச் சரளை வளைவில் கட்டுங்கள் என்று. இன்ஜினியர் வந்தார், நாலடி நீரைப் பார்த்தார், சாஸரில் தேநீரை ஊற்றி உறிஞ்சினார்.

"காகா, உங்களுக்குத் தன்னடக்கம் ஜாஸ்தி. சுத்துப்பட்டுல மார்ச் வரைக்கும் தண்ணி நிக்கிறது இது ஒண்ணுதான். உங்க போட்டோவ ஆபீஸ்ல சட்டம் போட்டு மாட்டியிருக்கோம்."

"கிணறு காஞ்சு கிடக்கு, சாகேப்."

"கிணத்த யாரு போட்டோ எடுக்கப் போறாங்க?"

போகும்போது அவரும் குனிந்து ஒரு சிட்டிகை மண்ணை மோந்தார். யாரிடம் கற்றார் என்று கேட்காதீர்கள்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்களை அந்தக் கரையில் நிறுத்தி, ஒரு பக்கம் அலையடிக்கும் நீரையும் மறுபக்கம் காய்ந்த சரளையையும் காட்டினால், எதன் முன்னால் நின்று போட்டோவுக்குத் தலை வாரிக்கொள்வீர்கள்? உங்கள் கையிலும் ஒரு தடி இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

அலுவலகத்தின் பதிலை ஜீவிபென்தான் வாசித்தாள்: தங்கள் சிறந்த தேர்வைப் பாராட்டி, இரண்டாவது அணையும் அதே கரிசல் பள்ளத்தில் அனுமதிக்கப்படுகிறது, உங்கள் ஊருக்கு இதுவே கடைசி. அவள் காகிதத்தை மடித்தாள், மூக்கருகே கொண்டுபோய் ஒருமுறை மோந்தாள், கண்ணை மூடினாள், என்னிடம் நீட்டினாள்.

கடிதம் வந்து சேர்ந்தது: 17 மே 2002.