மேதாவுக்கு ஊசி போட்ட கதை

விஜயநகர், மைசூரு

அன்புள்ள ராஜலக்ஷ்மி அக்காவுக்கு, தம்பி நாராயணஸ்வாமி சேவித்து எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் முழங்கால் வலியும் அத்திம்பேரின் இருமலும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்துப் போகும் என்று நம்புகிறேன்.

"ஊசிக்கெல்லாம் மிஷினா? நாலு பேரா அமுக்கிப் பிடிங்கோடா" என்று போனில் சொன்னாயே, அதற்குப் பதில் இது. போன தடவை அப்படித்தான் பிடித்தோம். என் பேத்தி மேதாவின் காலைப் பிடித்தவன் நான். அதற்கப்புறம் குழந்தை என் மடிக்கு வரவே இல்லை அக்கா, மனசுக்கு ரொம்பக் கஷ்டமாகப் போய்விட்டது. இந்தத் தடவை அவளை ஒருத்தரும் அமுக்கக் கூடாது என்று தீர்மானித்துவிட்டேன். நம் டாக்டர் ஹேமந்த் விஆர் பெட்டி என்று ஒன்று வாங்கி வைத்திருக்கிறார். கண்ணை மறைத்து முகத்தில் மாட்டிக்கொண்டால் உள்ளே கடல், எந்தப் பக்கம் திரும்பினாலும் மீன். குழந்தை அதில் லயித்திருக்கும்போது ஊசியைப் போட்டுவிடுவார்கள். ஆனால் மேதா கிளினிக் வாசலிலேயே கம்பியைக் கட்டிக்கொண்டாள். "ஊசின்னா தாத்தாவுக்கு ரொம்பப் பிடிக்கும்டி, எப்ப வேணா போட்டுப்பேன்" என்று ஒரு வார்த்தை விட்டேன். என் மகள் பிரதிபா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அக்கி வராமலிருக்க டாக்டர் எழுதிக்கொடுத்த ஊசியை நான் தீபாவளியிலிருந்து டபாய்த்துக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியும்.

என் பேச்சை நம்பி மேதா உள்ளே வந்தாள், பெட்டியை மாட்டினாள், "ஐ, ஆமை" என்றாள், நர்ஸ் சென்னம்மா "ஆய்த்து புட்டி", அதாவது ஆச்சுடி குட்டி, என்று கன்னடத்தில் சொல்லிப் பஞ்சை வைத்து அழுத்தினார். முடிந்ததே அவளுக்குத் தெரியவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று நான் எழுந்தால், இவள் பெட்டியைக் கழற்ற மாட்டேன் என்கிறாள். ஆமை வீட்டுக்குப் போகிறவரை பார்க்கணுமாம். "ஊசி போட்டுக்கறவாளுக்குத்தான் பெட்டி" என்று பிரதிபா சொல்லித் தொலைத்தாள். "அப்போ தாத்தாவுக்குப் போடுங்கோ, தாத்தாவுக்குத்தான் பிடிக்குமே. நான் மாட்டிண்டிருக்கேன்" என்றாள் மேதா. டாக்டருக்கு உடனே அக்கி ஞாபகம் வந்துவிட்டது. பின்வாங்கினால் இனி என்னை நம்புவாளா? சட்டைக் கையைச் சுருட்டினேன். கடல் அவளுக்கு, ஊசி எனக்கு. நான் ஒரு முனகல்கூட முனகவில்லை. மேதா பெட்டியைக் கழற்றாமலே கையை நீட்டித் துழாவி என் விரலைப் பிடித்துக்கொண்டாள். ஆட்டோவில் என் மடியில் உட்கார்ந்துதான் வீட்டுக்கு வந்தாள்.

ஆகையால், நம் குடும்பத்தில் இனி யாரையும் அமுக்கிப் பிடிப்பதும் இல்லை, ஊசிக்குப் பயப்படுவதும் இல்லை. இது என் முடிவு. அத்திம்பேருக்கு என் நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசீர்வாதம்.

உன் தைரியசாலித் தம்பி,
நாராயணஸ்வாமி

பி.கு: அக்கி ஊசி இரண்டு தவணையாம், என்னிடம் யாரும் சொல்லவில்லை. அடுத்தது பங்குனியில். அந்த வாரம் உனக்கு உடம்பு முடியவில்லை என்று ஒரு போன் போடு, உடனே ரயிலேறி வந்துவிடுகிறேன். மேதா எடுத்தால் வைத்துவிடு. நான் போட்ட கத்தலில் மீனெல்லாம் ஓடிப்போச்சாம். அதனால் அடுத்த தடவை பெட்டியை எனக்கு மாட்டச் சொல்லியிருக்கிறாள், என் காலை அவள் பிடித்துக்கொள்கிறாளாம்.