பொட்டு வைத்த ரேம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நடந்ததில் என் தப்பு கால்வாசிதான். மீதியை அந்த ஆன்லைன் கம்பெனியும் என் அம்மாவும் பஞ்சாங்கமும் பங்கு போட்டுக்கொள்ளட்டும். ஆனால் எங்கள் வீட்டில் யாரைக் கேட்டாலும் முழுத் தப்பும் என்னுடையது என்றுதான் சொல்வார்கள். (கேட்காவிட்டாலும் சொல்வார்கள்.) அதனால்தான் நானே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டுக் கடமலைக்குண்டில் சும்மா இருந்த காலம் அது. சும்மா என்பது ஊர்க்காரர்கள் சொன்னது. நான் யோசித்துக்கொண்டிருந்தேன். பட்டா, சாதிச் சான்றிதழ் என்று எதற்கெடுத்தாலும் எங்கள் ஆட்கள் பஸ் ஏறி ஆண்டிபட்டிக்கும் தேனிக்கும் அலைகிறார்களே, இங்கேயே ஒரு ஆன்லைன் சென்டர் போட்டால் என்ன? எங்கள் வீட்டு முன்னறை கடைவீதியைப் பார்த்தபடி இருந்தது. அதைக் கேட்டேன்.

அந்த அறைமேல் பெரியப்பாவுக்கும் ஒரு கண். அவர் இலவம்பஞ்சு வியாபாரி. அந்த வருடம் வருசநாட்டுப் பக்கம் நல்ல காய்ப்பு. பஞ்சு மூட்டைகளை வைக்க இடமில்லாமல் தவித்துக்கொண்டிருந்தார். அப்பாவோ அண்ணன் எதிரில் தும்முவதற்கே யோசிப்பவர். கடைசியில் பெரியப்பாவே தீர்ப்புச் சொன்னார்.

"ஏத்தா, வெள்ளிக்கெழம கடையத் தொற. பொட்டி ஓடுச்சுன்னா ரூமு ஒனக்கு. ஓடலைன்னா சாயங்காலமே என் மூட்ட உள்ள வந்துரும். அப்புறம் மூக்கச் சிந்தக் கூடாது."

"ஓடும் பெரியப்பா. நானே மாட்டுறேன், நானே ஓட்டுறேன்."

இந்த 'நானே'யில்தான் வினை. தேனி பஜாரில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்காரர், "நாங்களே மாட்டிக் குடுத்துர்றோம்மா, பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு ஸ்குரூ டிரைவரு?" என்று கேட்டிருந்தார். அந்த ஒரு பேச்சுக்காகவே அவர் கடைப் படியை மிதிப்பதில்லை என்று சபதம் போட்டு, எல்லாச் சாமானையும் ஆன்லைனில் வரவழைத்து நானே மாட்டினேன். எல்லாம் வந்தன, ரேமைத் தவிர. ரேம் என்பது கம்ப்யூட்டருக்குள் செருகும் ஒரு நீளப் பட்டை. அது இல்லையென்றால் திரையில் ஒன்றும் வராது. புதன்கிழமை வரவேண்டியது, வெள்ளிக்கிழமை காலை பத்தேகாலுக்கு வந்தது. பத்தரைக்கு ராகு காலம்.

வாசலில் ஒரு கூட்டம். பாதிப் பேர் கேசரிக்காக வந்தவர்கள், மீதிப் பேர் நான் தோற்பதைப் பார்க்க. உள்ளே அம்மா சந்தனம் குங்குமத் தட்டோடு நின்றாள். மானிட்டருக்குப் பொட்டு, கீபோர்டுக்குப் பொட்டு, மவுசுக்கு மட்டும் மூன்று பொட்டு. நான் பார்சலை வெட்டினேன். உள்ளே இருந்ததைப் பார்க்காமலே அம்மாவின் தட்டில் வைத்தேன். அந்தப் 'பார்க்காமலே'யில்தான் என் கால்வாசித் தப்பு. என்ன செய்வது, நான் அப்போது கூட்டத்துக்கு, தேனிக் கடைக்காரரைவிட நான் எந்தெந்த விதத்தில் கெட்டிக்காரி என்று விளக்கிக்கொண்டிருந்தேன்.

விளக்கி முடித்துத் திரும்பினால், பட்டையில் பளிச்சென்று மூன்று பொட்டு. எடுத்துச் செருகப் போனேன். இந்த ஓரம் சேர்த்தால் அந்த ஓரம் காலி. அந்த ஓரம் சேர்த்தால் இந்த ஓரம் காலி. பார்சல் அட்டையைப் புரட்டிப் படித்தேன். வந்திருப்பது லேப்டாப்புக்குள் போடுகிற ரேம். மேசைக் கம்ப்யூட்டருக்கு வேண்டியதில் சரிபாதி நீளம்.

"அழுத்தித்தான் வையேன்டி. ராகு காலம் வந்துரப்போவுது" என்றாள் அம்மா.

நாலு வருடம் படித்தவள் என்ன செய்திருக்க வேண்டும்? அழுத்தினேன். (சத்தியமாக அழுத்தினேன். இப்போது நினைத்தாலும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.) அது நிற்கவில்லை. வெளியே எடுத்துவிட்டு, ஏதோ ஒரு நப்பாசையில் சுவிட்சைப் போட்டேன். திரை இருட்டாகவே இருந்தது. பெட்டி மட்டும் பீப், பீப், பீப் என்று கத்தியது.

"நல்ல சகுனம்! மூணு தரம் சத்தம் குடுத்துருச்சு" என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வாசலில் யாரோ கைகூடத் தட்டினார்கள்.

பெரியப்பா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தார். காலி இடத்தைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார்.

"என்னத்தா, பாதிதான் அனுப்பிருக்கான்? மிச்சத்த அடுத்த வண்டில போட்டுவிடுவானோ?"

கூட்டம் சிரித்தது. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. எல்லாரும் கேட்கட்டும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டுக் கம்பெனிக்கே அடித்தேன். (ஸ்பீக்கரில் போடச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை.)

"மேடம், நீங்க ஆர்டர் பண்ணது எட்டு ஜிபி. வந்திருக்கறதும் எட்டு ஜிபி. சைஸ் கரெக்டாதான் மேடம் இருக்கு" என்றது ஒரு பெண் குரல்.

"சைஸ்னா அது இல்லம்மா, நீளம்! நீளம் பத்தல!"

"நீளம்னா எவ்வளவு மேடம்?"

"என் ஆள்காட்டி விரல் அளவுதான் இருக்கு."

"ஓகே மேடம். விரல் அளவு." அந்தப் பெண் அதை எழுதிக்கொண்டாள் போலிருக்கிறது. "பொருள் வந்த மாதிரியே இருக்கா மேடம்? ஒரு போட்டோ அனுப்புங்க."

அனுப்பினேன்.

"மேடம், இதுல சிவப்பா கறை இருக்கே?"

"கறை இல்ல, குங்குமம்."

"சுத்தி மஞ்சளா?"

"சந்தனம்."

ஒரு பெருமூச்சு கேட்டது. "பொட்டு வச்சா ரிட்டர்ன் எடுக்க மாட்டாங்க மேடம்."

கடைவீதி மொத்தமும் கேட்டது. பெரியப்பா சிரித்த சிரிப்பில் நிற்க முடியாமல் அங்கனயே உட்கார்ந்து துண்டால் கண்ணைத் துடைத்தார். எனக்கும் கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது, ஆனால் சிரிப்பினால் இல்லை. இன்னும் ஒரு நிமிடம் போனால் அழுதுவிடுவேன், அழுதால் அறை போச்சு. அந்தப் பயத்தில்தான் எனக்குத் துணிச்சலே வந்தது.

"பெரியப்பா, பொட்டி ஓடல. ஒத்துக்கிறேன். ஆனா கடை இன்னைக்கே ஓடும்" என்று சொல்லிவிட்டு, வாசலைப் பார்த்துக் கத்தினேன். "யாருக்கு என்ன எழுதணும்? வாங்க!"

கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு வருசநாட்டு விவசாயி, பட்டாவில் பெயர் தப்பாக இருக்கிறது என்றார். போனிலேயே பார்த்தேன், வெள்ளைத்தாளில் மனு எழுதினேன். அடுத்து ஒரு அக்கா ரேஷன் கார்டோடு வந்தார். பிறகு இன்னொருவர். கம்ப்யூட்டர் இல்லாத கம்ப்யூட்டர் சென்டரில் பொழுது சாயும்வரை எழுதியதில் என் விரல் வீங்கிவிட்டது. பெரியப்பா எதிர்க் கடையில் உட்கார்ந்து ஒவ்வொரு ஆளாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். விளக்கு வைக்கிற நேரத்துக்கு எழுந்து வந்தார்.

"பாதி ரேமுக்குப் பாதி ரூமு. எடுத்துக்க" என்றார்.

நடுவில் சாக்பீஸால் கோடு போட்டோம். அந்தப் பக்கம் பஞ்சு மூட்டை, இந்தப் பக்கம் நான். மறுநாள் சபதத்துக்குப் பங்கம் வராமல் தேனி பஜாரில் அடுத்த கடைக்குப் போய் ரேம் கேட்டேன். அது அந்தக் கடைக்காரரின் மச்சினன் கடை என்றும், சேதி எனக்கு முந்தின பஸ்ஸிலேயே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது என்றும் எனக்கு எப்படித் தெரியும்? "பொட்டு வச்சது நீங்கதானா?" என்று கேட்டுவிட்டு, மரியாதையாக ஸ்கேலை எடுத்து அளந்து காட்டினார். வாங்கிக்கொண்டு தலை நிமிர்ந்துதான் வந்தேன்.

கம்பெனியை நான் விடவில்லை. வாரக்கணக்கில் புகார் எழுதினேன். கடைசியில் அவர்களே இறங்கிவந்து, கறையைத் துடைத்துவிட்டால் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். "வெள்ளிக்கெழம வச்ச பொட்ட யாராச்சும் அழிப்பாகளா?" என்று அம்மா கொதித்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக நானும் அம்மாவும் ஒரே கட்சி. தப்பாக அனுப்பியது நீங்கள், நான் எதற்கு அழிக்க வேண்டும் என்று பதில் போட்டேன். ரேம் இன்னும் சாமி படத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

மிச்சப் பாதி அறையையும் நான் பிடித்துவிட்டேன். கடையில் நாற்காலி பற்றாக்குறை. வந்தவர்களை எல்லாம், "கோட்டுக்கு அங்கிட்டு உக்காருங்க, நம்ம பெரியப்பா மூட்டதான்" என்று உபசரித்தேன். மெத்தென்று இருந்ததால் வேலை முடிந்தவர்கள்கூட எழுந்திருக்கவில்லை. இரண்டே மாதத்தில் பஞ்சு அமுங்கிப்போவதைப் பார்த்துப் பொறுக்காமல், பெரியப்பாவே வண்டி கொண்டுவந்து மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போனார்.

ஆனால் ஆள் சும்மா விடுவாரா? போன தை மாதம் போடியிலிருந்து எனக்குப் பூ வைக்க வந்தார்கள். சபை நிறைய ஆட்கள். மாப்பிள்ளையின் அம்மா தலையில் பூவை வைத்துவிட்டு, குங்குமத்தைத் தொட்டு என் நெற்றிக்குக் கொண்டுவந்தார். பின்னால் இருந்து பெரியப்பாவின் குரல் கேட்டது.

"சம்பந்தியம்மா, ஒரு நிமிசம்! பிள்ளைய நல்லா ஏற எறங்கப் பாத்துக்கங்க. பொட்டு வச்சுட்டா ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்!"

எங்கள் பக்கம் அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரிக்க, போடிக்காரர்கள் ஒன்றும் புரியாமல் முழித்தார்கள். அந்த அம்மாவின் விரல் பாதி வழியில் அப்படியே நின்றுவிட்டது. நான் பெரியப்பாவை ஒரு முறை முறைத்துவிட்டு, நெற்றியை முன்னால் நீட்டினேன்.

"பெருசாவே வைங்கத்தே" என்றேன்.