மச்சினியின் மாத்திரை

மாத்திரை தொண்டையைக் கொஞ்சம் உரசிக்கொண்டுதான் இறங்கியது. வீரியமான மருந்து என்றால் அப்படித்தான் இருக்கும் என்று ஃபிட்டர் மனதைத் தேற்றிக்கொண்டு, இன்னும் இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்தார். டப்பாவை மச்சினியின் பையில் அவசரமாகத் திரும்ப வைத்தார். அவள் வாசலில் வேனிலிருந்து பலகைகளை இறக்கிக்கொண்டிருந்தாள். எந்த நிமிஷமும் உள்ளே வந்துவிடுவாள்.

திருட்டுதான். ஆனால் அவருக்கு வேறு வழி தெரியவில்லை. புதிதாகத் திறக்கப்போகும் பல் ஆஸ்பத்திரியின் நடைவழி முழுக்க அன்று மாலைக்குள் அலமாரி பொருத்த வேண்டும். போன வாரம் ஒரு வீட்டில் அவர் பூட்டிய கட்டில், படுத்தவரோடு சேர்ந்து தானும் படுத்துவிட்டது. அதற்கு முந்தைய வேலையைப் பற்றி வீட்டில்கூட யாரும் வாய் திறப்பதில்லை.

"இதுதான் கடைசி. இதையும் சொதப்பினா வீட்டோட இருந்துக்கோ" என்று மரச்சாமான் கடை முதலாளி சொல்லியிருந்தார்.

மச்சினியும் அதே கடையில்தான் வேலை பார்த்தாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்குக் கவனம் ஓரிடத்தில் நிற்காது. ஸ்க்ரூ எடுக்கப் போவாள், சுத்தியலோடு வருவாள், எதற்குப் போனோம் என்று யோசித்து நிற்பாள். டாக்டர் இது ஏடிஹெச்டி என்று கண்டுபிடித்து மாத்திரை கொடுத்த பிறகு, எடுத்த வேலையை முடிக்காமல் எழுந்திருப்பதில்லை. ஒரு நாள் ஃபிட்டர் தனக்கும் ஒன்று கேட்டுப் பார்த்தார்.

"எனக்கு அது மூக்குக் கண்ணாடி மாதிரி மாமா. பார்வை நல்லா இருக்கறவங்க என் கண்ணாடியைப் போட்டா தலைதான் சுத்தும். நெஞ்சு படபடக்கும், வாய் காயும், பெரிய அறிவாளி ஆயிட்ட மாதிரி தோணும். வேலை மட்டும் உருப்படாதுன்னு டாக்டரே சொன்னாரு."

இதில் 'அறிவாளி' வரைக்கும்தான் அவர் காதில் ஏறியது.

பல் டாக்டர் அம்மா எட்டிப் பார்த்து, ஒரு ஸ்க்ரூவின் தலைகூட வெளியே தெரியக்கூடாது, பல் பிடுங்க வருகிறவர்கள் பயந்துவிடுவார்கள் என்று எச்சரித்தார். கடைசியில் ஒவ்வொன்றுக்கும் குட்டி பிளாஸ்டிக் மூடி போட்டு மறைத்துவிடலாம் என்று மச்சினி சமாதானம் சொன்னாள். டாக்டர் போனில் பேசிக்கொண்டே கோடியில் இருந்த எக்ஸ்ரே அறைக்குள் போனார்.

ஃபிட்டருக்கு வாய் காய ஆரம்பித்தது. ஆஹா, ஏறுகிறது. உலகமே கழுவிவிட்டது போலத் தெளிவாகத் தெரிந்தது. மச்சினியை மாடி வேலைக்கு அனுப்பிவிட்டு, வரைபடத்தைச் சுருட்டிக் காதில் செருகிக்கொண்டார். அறிவாளிக்கு எதற்கு வரைபடம்?

வேலை பறந்தது. முதல் சட்டம் தலைகீழாக நிற்பது தெரிந்தது. கழற்றினால் நேரம் வீண் என்று, மற்ற எல்லாவற்றையும் அதற்குப் பொருத்தமாகத் தலைகீழாக்கினார். அதனால் கதவுகள் சுவரைப் பார்த்துத் திறந்தன. அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தார். அது ஆடியது. ஆடாமலிருக்கத் தரையில் பசையை ஊற்றி ஒட்டினார். பக்கத்தில் இன்னொன்று, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று என்று நடைவழியின் கோடி வரை மிச்சம் வைக்காமல் அடைத்தார். வாழ்க்கையில் இத்தனை சுறுசுறுப்பாக அவர் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை.

டொக் டொக் என்று சத்தம் கேட்டது. நெஞ்சு படபடக்கும் என்று மச்சினி சொன்னது சரிதான். மார்பைத் தடவிக்கொடுத்தார். சத்தம் இன்னும் பலத்தது.

"வெளியில யாராவது இருக்கீங்களா?"

அவருடைய நெஞ்சு இதுவரை பேசியதில்லை. அப்போதுதான் எக்ஸ்ரே அறையின் ஞாபகம் வந்தது. அந்த அறைக் கதவு வெளிப்பக்கமாகத் திறப்பது. இப்போது அது அலமாரியில் இடித்து, ஒரு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை. அந்த இடுக்கில் பல் டாக்டரின் ஒற்றைக் கண் தெரிந்தது.

அலமாரியை இழுத்துப் பார்த்தார். பசை இறுகியிருந்தது. இன்னும் பலமாக இழுத்ததில் அலமாரியின் கைப்பிடி மட்டும் கையோடு வந்தது. அதைப் பிடித்தபடி திரும்பினால், வேலையைப் பார்க்க வந்த முதலாளி நின்றுகொண்டிருந்தார். மச்சினியும் மாடியிலிருந்து ஓடிவந்துவிட்டாள்.

ஃபிட்டருக்கு அழுகையே வந்துவிட்டது. மறைத்துப் பயனில்லை என்று எல்லாவற்றையும் கொட்டினார். சத்தியமாக இது தன் வேலை இல்லை, மருந்தின் வேலை. தன் புத்தியில் இருந்திருந்தால் இப்படிச் செய்வேனா என்று கேட்டார்.

முதலாளி இளகிய மனசுக்காரர். மருந்து தலைக்கேறினால் யாருக்கும் இதுதான் கதி என்றார். இதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், இன்னொரு வாய்ப்பு தரலாம் என்றுகூடச் சொல்லிவிட்டார். ஃபிட்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மச்சினிதான் பதறிப்போயிருந்தாள். "எத்தனை போட்டீங்க மாமா? எங்கேருந்து எடுத்தீங்க?"

"ஒண்ணே ஒண்ணும்மா. உன் பையில இருந்த டப்பாவுலேருந்துதான்."

அவள் பையிலிருந்து டப்பாவை எடுத்து நீட்டினாள். முதலாளி அதை வாங்கி உள்ளங்கையில் கவிழ்த்து, வெள்ளை வெளேரென்று கொட்டியதை நிதானமாக எண்ணி முடித்துவிட்டு ஃபிட்டரை நிமிர்ந்து பார்த்தார்.

"தொலைஞ்சிடக் கூடாதேன்னு இந்தக் காலி டப்பாவுல நேத்து ஸ்க்ரூ மூடியெல்லாம் எண்ணிப் போட்டுக் கொடுத்ததே நான்தான், ஒண்ணு குறையுது."