ஏ.சி.க்குத் தைத்த பனியன்

நெருப்பெரிச்சல்,
வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்த கையோடு.

பல்லடம் கோழிப்பண்ணை முதலாளியும் என் மனைவியின் மூத்த சகோதரருமான மச்சான் அப்துல்லா அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இறைவன் அருளால் நாங்கள் இங்கு நலம். தாங்களும் வீட்டில் உள்ளவர்களும் கோழிகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை முட்டை வேனை அனுப்பி என் படுக்கையறை ஏ.சி.யைக் கழற்றிக்கொண்டு போகப்போவதாகத் தங்கள் தங்கை முனவர் பேகம் சொன்னாள். தயவுசெய்து அனுப்ப வேண்டாம். ஏன் வேண்டாம் என்று சொல்லத்தான் ஆள் கையில் கொடுத்தனுப்பும் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருப்பேன், ஆனால் நான் போனை எடுத்தாலே அவள் பக்கத்தில் வந்து வெங்காயம் உரிக்கிறாள்.

கோடையில் வந்த கரண்டு பில்தான் எல்லாவற்றுக்கும் காரணம். அன்றைக்கு மத்தியானம் தட்டில் சோறு வைத்தாள், குழம்பு வைக்க வேண்டிய இடத்தில் பில்லை வைத்தாள். நான் ஏ.சி.யைப் பதினாறில் வைத்துக் கம்பளி போர்த்திக்கொண்டு தூங்குகிறவன் என்பது உண்மைதான், மறுக்கவில்லை. ஆயுசு முழுக்க பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக அயர்ன் டேபிள் ஆவியில் வெந்தவனுக்கு ஓய்வுபெற்ற பிறகு அந்தக் குளிரும் கம்பளியும்தான் பென்ஷன். ஊர்ப் பெயரிலேயே நெருப்பும் எரிச்சலும் இருக்கிறதே, நான் என்ன செய்வேன்? இதையெல்லாம் எடுத்துச் சொன்னேன். அவள் ஒரே வரியில் முடித்துவிட்டாள். “அடுத்த பில்லு இதைவிடக் கொறையாட்டி, ஏ.சி. எங்கண்ணன் ஊட்டுக்குப் போயிருமுங்க.” நீங்களும் அதற்குள் பண்ணை ஆபீசில் ஆணி அடித்து இடம் பார்த்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். வருத்தம்தான் மச்சான்.

சரி, அறிவைக் கொண்டு மோதிப் பார்ப்போம் என்று மெக்கானிக் அருள்குமாரைப் போனில் பிடித்தேன். நல்ல பையன், பொறுமையாகச் சொன்னான். ஃபில்டரைக் கழுவச் சொன்னான், இருபத்தாறில் வைத்து ஃபேனையும் சுற்றவிடச் சொன்னான், கதவு ஜன்னல் சந்துகளை அடைக்கச் சொன்னான், மாடியில் வெயிலில் காயும் வெளி மெஷினுக்கு நிழல் கொடுக்கச் சொன்னான். அன்றைக்கே ஆரம்பித்துவிட்டேன். ஃபில்டரைக் கழற்றினால், பக்கத்து நிட்டிங் கம்பெனியின் பஞ்சு முழுக்க அதில்தான் குடியிருக்கிறது, உரித்து எடுத்தால் பிறந்த குழந்தைக்கு ஒரு குல்லாய் தைக்கலாம், அவ்வளவு கனம். அதைக் கழுவி மாட்டியதும் ஜன்னல் சந்துகளில் பனியன் வெட்டியதில் மிஞ்சிய வேஸ்டைத் திணித்தேன், கதவடியில் டீஷர்ட் கழுத்துக்கு வைக்கிற ரிப் துணியை மடித்துத் தைத்து வைத்தேன், எறும்பு நுழைய வேண்டுமென்றால்கூட என்னிடம் கேட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும் என்கிற மாதிரி ஆக்கிவிட்டேன்.

வெளி மெஷினுக்கு நிழல் வேண்டுமே, வேறு யாராவது என்றால் ஒரு தகரத்தை நட்டுவைத்துவிட்டுக் காபி குடிக்கப் போயிருப்பார்கள். நான் கட்டிங் மாஸ்டர். இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்த் தோள், மார்பு, உயரம் எல்லாம் அளந்தேன். எக்ஸ்போர்ட்டில் ரிஜெக்ட் ஆன நல்ல கெட்டித் துணி, இளநீலம், கொஞ்சம் சாயம் திட்டாக விழுந்ததைத் தவிர ஒரு குறை சொல்ல முடியாது. தெருமுனையில் ஓவர்லாக் தையல் மெஷின் வைத்திருக்கும் அன்புசெல்வியிடம் பேட்டர்ன் அட்டையோடு கொடுத்தேன். அவள் பேட்டர்னை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஏனுங்க மாஸ்டர், இதுக்குக் கழுத்து எந்தப் பக்கமுங்க?” என்று கேட்டாள். கழுத்தே வேண்டாம், நாலு பக்கமும் மூடி அடியில் எலாஸ்டிக் போட்டு இறுக்கு என்றேன். பைப் வெளியே வர மட்டும் ஒரு கை வைத்தோம், முழுக்கை. மாட்டியதும் எங்கேயும் ஒரு சுருக்கம் இல்லை. என் சர்வீசில் இவ்வளவு பொருத்தமாக யாருக்கும் உட்கார்ந்ததில்லை.

பலனைக் கேளுங்கள். முன்பெல்லாம் அந்த வெளி மெஷின் போடுகிற சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர் எட்டிப்பார்ப்பார், பனியன் போட்ட நாளிலிருந்து மூச்சுவிடுவதுகூடக் கேட்கவில்லை, துணி சத்தம் முழுவதையும் உறிஞ்சிவிட்டது. குளிரோ, கேட்கவே வேண்டாம், இருபத்தாறில் வைத்தும் விடியற்காலையில் கம்பளியைக் காதுவரை இழுத்துக்கொள்கிறேன். வெளியே மேற்கிலிருந்து அடிக்கும் மேல்காற்று கொடியில் கிடக்கும் துணியையெல்லாம் தூக்கிக்கொண்டு போகிறது, ஜனங்கள் ஜன்னலைத் திறந்துபோட்டு அந்தப் புழுதியில் தூங்குகிறார்கள், பார்த்தால் பாவமாக இருக்கிறது. ஒரே தொந்தரவு எலி. தினமும் காலையில் பார்த்தால் என் தலைமாட்டு ஜன்னலில் திணித்த வேஸ்ட் மட்டும் கீழே கிடக்கிறது. நானும் சளைக்காமல் திணிக்கிறேன்.

பக்கத்து வீட்டு சித்ரகலா இந்தப் பனியனைப் பார்த்துவிட்டுத் தன் ஏ.சி.க்கும் ஒன்று கேட்டிருக்கிறாள், காலர் வைத்து. நான் ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று மூன்று சைஸில் பேட்டர்ன் போட்டு வைத்துவிட்டேன். துபாயில் எத்தனை ஏ.சி. இருக்கும் என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள் மச்சான், அத்தனையும் உடம்பில் துணியில்லாமல் வெயிலில் நிற்கின்றன. நீங்கள் பண்ணையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு என்னோடு கூட்டுச் சேர்ந்தால் நம் இரண்டு குடும்பமும் தலைமுறைக்கும் உட்கார்ந்து சாப்பிடலாம்.

நாளைக் காலை ரீடிங் எடுக்க வருகிறார்கள். பில் குறையும், என் ஏ.சி. என் சுவரிலேயே இருக்கும். ஆகவே வேன் வேண்டாம். தங்கள் கோழிகள் சலிக்காமல் முட்டையிடவும், தீவனக்காரன் மனம் இளகவும், தங்கள் ஆபீசில் அடித்த ஆணியில் ஒரு காலண்டர் தொங்கவும் துஆ செய்கிறேன். வஸ்ஸலாம்.

தங்கள் தங்கையிடமிருந்து என்னை இதுவரை காப்பாற்றாத மச்சானுக்கு,
நஸ்ருதீன்.

பி.கு.: ஒட்டிய கவரைப் பிரித்து இதை எழுதுகிறேன். இன்று சனிக்கிழமை. பில் வந்துவிட்டது, போன பில்லில் பாதிகூட இல்லை. நான் வாசலிலேயே ஆடினேன், தெருவே பார்த்தது. அந்தச் சந்தோஷத்தில் பனியனைக் காட்டலாம் என்று அருள்குமாரை வரச்சொன்னதுதான் தப்பு. அவன் எலாஸ்டிக்கை நீக்கிப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி அதைப் பார்த்தான். “நெழல்னா மேல மட்டும் ஒரு தகரமுங்க மாஸ்டர். நாலு பக்கமும் காத்து வேணும். இதை மாட்டுன அன்னைக்கே மூச்சு முட்டிக் கம்ப்ரசர் போயிருச்சுங்க. ரூமுக்குள்ள இத்தனை நாளா ஓடுனது வெறும் காத்தாடிதானுங்க” என்றான். அப்படியானால் என்னைக் கம்பளிக்குள் நடுங்கவைத்தது எது என்று பின்னாலேயே மாடிக்கு வந்திருந்த முனவரைத் திரும்பிப் பார்த்தேன். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை. “மேல்காத்துங்க. அந்த ஜன்னல் வேஸ்டை தெனமும் புடுங்கிப் போட்டது நாந்தேன். மெஷினு செத்தது எனக்கு அன்னைக்கே தெரியும். சொல்லியிருந்தா மறுநாளே புதுசு வாங்கியாந்திருப்பீங்க” என்றாள். மச்சான், எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவள் சொன்னது உண்மை, கண்டிப்பாக வாங்கியிருப்பேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டதைப் பார்த்ததும் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அருள்குமார் மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சித்ரகலாவின் ஆர்டரை ரத்து செய்துவிட்டேன். துபாயை மறந்துவிடுங்கள். வேனை அவசியம் அனுப்புங்கள், ஏ.சி.யைப் பனியனோடு எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே திடமான ஆள் இரண்டு பேரை ஏற்றி அனுப்புங்கள், கட்டிலை ஜன்னலை ஒட்டி நகர்த்த வேண்டும்.