அத்தான் சொன்ன இன்ஜின்

"அத்தான் பெட்ரோல்தான் வாங்கணும்னு சொல்லிட்டாரு" என்றாள் மனைவி, தட்டை வைத்துக்கொண்டே.

மாஸ்டர் வாயருகே கொண்டுபோன கையை அப்படியே நிறுத்தினார்.

இருபத்தாறு வருடமாக இன்ஜினைப் பிரித்து மாட்டுகிற மனிதர். சுற்றுவட்டாரத்தில் எந்த வண்டி இருமினாலும் கடைசியில் அவர் பட்டறை வாசலில்தான் வந்து நிற்கும். பேரைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை, எல்லாருக்கும் அவர் மாஸ்டர்தான். அப்பேர்ப்பட்டவர் வீட்டில் முதல்முதலாக ஒரு பெரிய எஸ்யூவி வாங்கப்போகிறார்கள். அதில் பெட்ரோல் இன்ஜினா டீசல் இன்ஜினா என்று தீர்ப்புச் சொன்னது யார்? மனைவியின் அக்கா புருஷன். தொழில், பல் டாக்டர்.

"அவரை யாரு கேட்டா?"

"நான்தான் கேட்டேன்."

"இந்த வீட்டுல மெக்கானிக்குன்னு ஒருத்தன் இருக்கானே, ஞாபகம் இருக்கா?"

"உங்களைக் கேட்டா 'ம்'ம்பீங்க. ரெண்டாந்தடவை கேட்டா 'பாக்கலாம்'பீங்க. மூணாந்தடவை கேட்டா தூங்கிருப்பீங்க. அத்தான் அப்படியா? ஒரு நாள் உக்காந்து யோசிச்சு, சின்னக் குழந்தைக்குச் சொல்ற மாதிரி சொல்வாரு."

மாஸ்டருக்கு வயிறு எரிந்தது. இன்று நேற்று எரிகிற வயிறு இல்லை. தண்ணீர் மோட்டார் வாங்கும்போது அத்தானைத்தான் கேட்டாள். அது எட்டு வருடமாக ஒரு முக்கல் முனகல் இல்லாமல் ஓடுகிறது. ஸ்கூட்டர், அத்தான். ஜெனரேட்டர், அத்தான். அந்த மனுஷன் ஒரே ஒரு தடவை தப்பாகச் சொல்லித் தொலைத்திருந்தால்கூட மாஸ்டர் எல்லாவற்றையும் மன்னித்திருப்பார். சொன்னதெல்லாம் சரியாகவே இருந்தால் எப்படி மன்னிப்பது?

அவருக்கு ஊரெல்லாம் கும்பிடு போட வேண்டாம். 'நீங்க சொன்னா சரியாத்தாங்க இருக்கும்' என்று இவள் வாயால் ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும். கல்யாணமாகிப் பதினாறு வருடமாக அதற்குத்தான் காத்திருக்கிறார்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அவர் மனசிலும் பெட்ரோல்தான். வீட்டிலிருந்து பட்டறைக்கு நாலு கிலோமீட்டர். போகிற வழியிலேயே மகளின் பள்ளிக்கூடம். இந்தத் தூரத்துக்கு எந்த மெக்கானிக்கைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பெட்ரோல் என்றுதான் உளறுவான். ஆனால் இப்போது அதைச் சொன்னால் என்ன ஆகும்? 'பாத்தீங்களா, அத்தான் அப்பவே சொன்னாரு' என்பாள்.

"டீசல்" என்றார் மாஸ்டர்.

"ஏன்?"

"இழுவை வேணும்."

"எதை இழுக்கப் போறோம்?"

மாஸ்டர் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். மனைவி அதற்குள் போனைப் போட்டு, சத்தம் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி மேஜை மேல் வைத்துவிட்டாள்.

"டீசலா?" பல் டாக்டரின் குரல் மயிலிறகால் தடவுகிற மாதிரி வந்தது. "சகலை, டீசல் நல்ல இன்ஜின்தான். ஆனா பக்கத்துல பக்கத்துலயே ஓட்டினா சூடேறாது. சைலன்சர் ஃபில்டர்ல கரி அடைச்சுக்கும். அப்புறம் சுத்தம் பண்ணியே ஓய்ஞ்சு போவீங்க."

வாஸ்தவமான பேச்சு. மாஸ்டரே இதைவிடச் சுத்தமாகச் சொல்லியிருக்க முடியாது. ஒரு சொத்தைப் பல் பிடுங்குகிற ஆள் இன்ஜினைப் பற்றி இவ்வளவு அழகாகப் பேசினால் காதில் புகை வராதா?

"பக்கத்துலயே ஓட்டறோம்னு யாரு சொன்னா?" என்று போனைப் பார்த்துக் கத்தினார். "இனிமே தூரமா ஓட்டப்போறோம்!"

"எங்கே?" என்றாள் மனைவி.

எங்கே என்று அவருக்கும் தெரியாது. எதிரே மகள் உட்கார்ந்து தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

"இவளை நீச்சல்ல சேக்கப்போறேன். பக்கத்து டவுன்ல. முப்பது கிலோமீட்டர்."

"அப்பா, எனக்குத் தண்ணின்னாலே பயம்ப்பா!"

"அதுக்குத்தான் நீச்சல்."

மனைவியின் முகம் மலர்ந்துபோயிற்று. மகளைப் பற்றி இவர் இவ்வளவு தூரம் யோசிப்பார் என்று அவள் நினைக்கவேயில்லையாம். அன்று சாயங்காலமே நீச்சல் குளத்துக்குப் பேசி, பேர் கொடுத்து, முழங்கால்வரை வருகிற நீச்சல் உடையும் வாங்கிவிட்டாள். வகுப்பு காலை ஆறு மணிக்கு. அதாவது மாஸ்டர் ஐந்து மணிக்கு வண்டியை எடுக்க வேண்டும். ஏழு மணிக்கு முன்னால் அவர் கண்ணைத் திறந்தது அவருடைய கல்யாணத்தன்று மட்டும்தான்.

மறுநாள் பட்டறையில் ஒரு வாடிக்கையாளர் வந்து, வீடு பக்கம், ஆபீஸ் பக்கம், எந்த வண்டி வாங்கலாம் என்றார். "பெட்ரோல். யோசிக்கவே யோசிக்காதீங்க" என்று பட்டென்று சொல்லிவிட்டு, மனைவி எங்காவது நிற்கிறாளா என்று சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டார். பதினைந்து வருடமாக அங்கே பில் எழுதி, போன் எடுக்கிற கணக்கம்மா மட்டும் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தாள்.

இரண்டு நாள் கழித்து அடுத்த இடி விழுந்தது.

"நீச்சல் வாரத்துக்கு மூணு நாள்தானாம். டீசல்னா தினமும் ஓடணுமாம். அத்தான் சொன்னாரு."

"அத்தான், அத்தான்! அந்தாளு பல்லைப் பாக்காம இதையே பாத்துட்டு உக்காந்திருக்காரா?"

"நல்லதுக்குத்தானே சொல்றாரு. ஏன் இப்படிப் பொறாமைப்படறீங்க?"

"பொறாமையா? எனக்கா? அவரு மேலயா?" சிரித்துக் காட்டினார். அந்தச் சிரிப்பு அவருக்கே பிடிக்கவில்லை. "மத்த நாளும் போவேன். அந்த டவுன்ல எனக்கு வேலை இருக்கு."

"என்ன வேலை?"

"உதிரி பாகம் வாங்கணும்."

"தினமுமா?"

"தினமும்தான்!"

மனைவி கையைத் தட்டிக் குதித்தாள். "ஐயோ, இதை முன்னாடியே சொல்லக் கூடாதா! அத்தான் அங்கதான் அடுத்த மாசம் புது க்ளினிக் திறக்கறாரு. பாவம், பஸ்ல எப்படிப் போறதுன்னு அக்கா புலம்பிட்டே இருந்தா. தினமும் நம்ம வண்டியிலயே கூட்டிட்டுப் போயிருங்க!"

மாஸ்டர் தலையைச் சொறிந்தார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோம் என்று தெரிந்தது. இப்போதாவது பெட்ரோல் என்று சொல்லித் தப்பித்துவிடலாம். ஒரே ஒரு வார்த்தைதான். ஆனால் அந்த வார்த்தைக்குச் சொந்தக்காரன் சகலை. அதைச் சொல்வதைவிட அவனைத் தினமும் தோளில் சுமந்து போகலாம்.

"ரொம்ப சந்தோஷம் சகலை" என்று பல் டாக்டரே போனில் வந்தார். "எனக்குப் பின்சீட்டுல உக்காந்தா தலை சுத்தும். முன்னாடியே உக்காந்துக்கறேன். வழியெல்லாம் ஏதாவது பேசிட்டே போகலாம்."

"பேசலாம், பேசலாம்" என்றார் மாஸ்டர், பல்லைக் கடித்துக்கொண்டு.

ஞாயிற்றுக்கிழமை குடும்பமே ஷோரூமுக்குப் போயிற்று. விற்பனைக்காரப் பெண் சிரித்த முகத்தோடு முதல் கேள்வியைக் கேட்டாள்.

"சார், தினமும் எவ்வளவு ஓட்டுவீங்க?"

"போக வர அறுபது" என்றார் மாஸ்டர் நெஞ்சை நிமிர்த்தி.

"டாக்ஸியா ஓட்டப்போறீங்களா சார்?"

"குடும்பத்துக்கு!" என்று உறுமினார். ஓட்டிப் பார்க்கையில், "அப்பா, பெட்ரோல் வண்டி சத்தமே இல்லாம இருந்துச்சே" என்று மகள் சொன்னதும், "சத்தம் வந்தாத்தான் இன்ஜின் உள்ள இருக்குன்னு அர்த்தம்" என்று ஒரு போடு போட்டார்.

கையெழுத்துப் போடும் நேரம். பெட்ரோல், டீசல் என்று படிவத்தில் இரண்டு கட்டங்கள். மனைவி பேனாவைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தாள். போனைத் தேடி அவள் கை பைக்குள் போயிற்று. மாஸ்டர் அந்தப் பையையே பார்த்துக்கொண்டு நின்றார். கை வெறுமனே வெளியே வந்தது.

"இத்தனை நாளா அத்தான் பேச்சையே கேட்டேன்" என்றாள். "நீங்க இதுக்காக நீச்சல்ங்கறீங்க, தினமும் அறுபது கிலோமீட்டர்ங்கறீங்க, அத்தானையே கூட்டிட்டுப் போறேன்ங்கறீங்க. இவ்வளவு உறுதியா நீங்க எதையுமே சொன்னதில்ல. இன்ஜின் விஷயத்துல நீங்க சொன்னா சரியாத்தாங்க இருக்கும்."

சொல்லிவிட்டு டீசல் கட்டத்தில் டிக் போட்டாள்.

மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. காலை ஐந்து மணி, தண்ணீருக்குப் பயந்து அழப்போகிற மகள், முன்சீட்டில் ஓயாமல் பேசப்போகிற சகலை, ஒன்றுமே அவருக்குப் பெரிதாகப் படவில்லை. சகலையின் மூக்கு உடைந்தது. அது போதும். வீடு வரும்வரை ஸ்கூட்டரில் சீட்டியடித்துக்கொண்டே வந்தார்.

மறுநாள் காலை பட்டறைக்கு ஒரு பெட்டி இனிப்போடு போய், முதல் துண்டைக் கணக்கம்மாவிடம் நீட்டினார்.

"வண்டி புக் பண்ணியாச்சு! டீசல்!"

கணக்கம்மா கையில் வாங்கிய இனிப்பை வாயில் போடவில்லை. "டீசலா? ரெண்டு வாரத்துக்கு முன்ன நான் கேட்டப்ப பெட்ரோல்னு அடிச்சுச் சொன்னீங்களே மாஸ்டர்? நாலு கிலோமீட்டர், ஸ்கூல், பட்டறை, எது வாங்கலாம்னு."

"அது யாரோ கஸ்டமர் போன்ல கேட்டதுக்குச் சொன்னது. கஸ்டமருக்கு உண்மையைத்தானே சொல்லணும்?"

"டீசல்னா தினமும் ஓட்டணுமான்னு போன வாரம் கேட்டேனே? அதுக்கு முந்தி ஜெனரேட்டர், ஸ்கூட்டர், தண்ணி மோட்டார்?"

"ஆமா, எல்லாம் கஸ்டமர் கேட்டது. அதுக்கென்ன இப்ப?"

கணக்கம்மா இனிப்பைத் திரும்பவும் பெட்டிக்குள்ளேயே வைத்தாள்.

"கஸ்டமர் இல்ல மாஸ்டர், எல்லாம் உங்க சகலைதான். 'மச்சினிச்சி கேட்டா தெரியாதுன்னு சொல்ல வெக்கமா இருக்கு, மாஸ்டர் என்ன சொல்றாருன்னு கேட்டுச் சொல்லும்மா, நான் அதையே சொல்லிடறேன்'னு எட்டு வருஷமா எனக்குத்தான் போன் பண்றாரு."